கொழும்புக்கு இழுப்பேன் என்று வெருட்டிய ஆலைக்காரர்

கனகராயன்குளத்தில் எங்கள் வீட்டோடு ஓர் அரிசி ஆலை. அதன் உமித்தூசியால் அம்மாவுக்கு இழுப்பு வந்தது. மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். பொதுத்தொல்லை என்று முறைப்பாடு செய்தேன். தூசியைத் தடுக்கும்வரை ஆலையை நிறுத்தும்படி நீதவான் கட்டளையிட்டார்.

நீதிமன்றத்துக்கு வெளியே வந்ததும் ஆலை முதலாளி சிரித்தார். "தோட்டக்காட்டாருக்கும் சட்டம் தெரியுதோ? அப்பீலுக்குக் கொழும்புக்கு இழுக்கிறன். சிங்களத்தில கேப்பாங்கள், முழிச்சுக்கொண்டு நில்!"

அம்மா அழுதார். "வேணாம்ப்பா, சமாதானமா போயிரு."

முறைப்பாட்டைக் கைவிடுவதாகச் சொல்லத்தான் சட்டத்தரணியிடம் போனேன். காரணத்தைக் கேட்டுவிட்டு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆர் தம்பி கொழும்பு எண்டது? நீதவான்ர கட்டளைக்கு அப்பீல் மாகாண மேல் நீதிமன்றத்துக்குத்தான். அது இஞ்ச வவுனியாவில, தமிழில நடக்கும்."

முதலாளி அங்கேதான் அப்பீல் செய்தார். வழக்கு விசாரணையின் ஒவ்வொரு தவணைக்கும் போய், அவர் கண்ணில் படும்படியே இருந்தேன். தோற்றார். அவர் முகத்தை ஆசைதீரப் பார்த்தேன்.

இப்போது யாராவது வழக்கென்று வெருட்டினால், எந்த நீதிமன்றம் என்று முதலில் விசாரிக்கிறேன். முதலாளி வேறு ஊரில் ஆலைக்குக் காணி பார்க்கிறாராம். அங்கே சைக்கிளில் போய், எங்கே முறையிடுவது, அப்பீல் எங்கே போகும் என்று வீடுவீடாகச் சொன்னேன்.

"உங்கட பிரச்சினை முடிஞ்சுதுதானே தம்பி?" என்று ஓர் அக்கா கேட்டார்.

"எனக்கு இன்னும் முடியேல்ல அக்கா," என்றேன்.