டிரைவர் உளி பிடித்தது

பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டியவர். வேலை போன பிறகும் தெருவுக்கு அவர் டிரைவர்தான். வலது கண்ணின் நரம்பு வாடிவிட்டது, இனி அதில் பார்வை திரும்பாது என்று கண் மருத்துவர் சொன்னபோது அவருக்குப் பெரிதாக எதுவும் உறைக்கவில்லை. இன்னொரு கண்தான் தூரத்துப் பலகையைக்கூடப் படிக்கிறதே என்று வாதாடிப் பார்த்தார். படிக்கும், ஆனால் எது கிட்டே இருக்கிறது எது எட்ட இருக்கிறது என்று ஒற்றைக் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்து சொம்பைச் சாய்த்தார். தண்ணீர் டம்ளருக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே மேஜையில் விழுந்தது. அப்போதுதான் உறைத்தது.

இரண்டு மாதம் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் வண்டி போனால் அவர் கை தானாகக் கியர் மாற்றும். அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில் குப்பிகளையும் குழாய்களையும் பார்த்துக்கொள்பவள். உடைகிற சாமான்களோடு பழகியதாலோ என்னவோ, வீட்டிலும் எதையும் மெதுவாகத்தான் எடுத்து வைப்பாள். ஒரு திங்கட்கிழமை காலை, தன் தங்கை பட்டறையில் தனியாகத் திண்டாடுகிறாள், மரச்சீவல் முழங்கால் வரைக்கும் கிடக்கிறது, போய்க் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துவிட்டு வாருங்களேன் என்றாள்.

மச்சினியை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்பார்கள். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அச்சகம் ஒன்றின் பின்புறம் நீளமான தகரக் கொட்டகை. அதில் இரண்டு கடைசல் இயந்திரங்களை வைத்து மரக்கிண்ணம் செய்து கடைகளுக்குப் போடுகிறாள். டிரைவர் உள்ளே போனதும் சுவரோரமாகத் துடைப்பத்தைத் தேடினார். சின்னவள் வந்து அவருக்குத் தோல் ஏப்ரனைக் கட்டிவிட்டாள், கண்ணாடி போட்ட முகக்கவசத்தை மாட்டிவிட்டாள். தூசிக்குத்தான் போலிருக்கிறது, நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டார். அடுத்து முழங்கை நீளத்துக்கு ஒரு வளைவு உளியைக் கையில் திணித்தாள்.

"காலை அகட்டி நில்லுங்க மாமா. பிடியை இடுப்போட சேத்து வச்சுக்கங்க. கையால தள்ளாதீங்க, உடம்பால நகருங்க."

கூட்டுவதற்கு உளி எதற்கு என்று கேட்க நாக்கு வரை வந்தது. மச்சினியிடம் முதல் நாளே குறுக்குக் கேள்வி கேட்பானேன் என்று முழுங்கிவிட்டார். இயந்திரத்தில் முடுக்கியிருந்த மரக்கட்டை சுற்ற ஆரம்பித்தது. உளியை வைத்தார். அது மரத்தைக் கடித்து, ஒரு குதி குதித்து, அவர் தோளை உலுக்கியது. சின்னவள் இயந்திரத்தை நிறுத்தி, உளியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி, மறுபடி ஓடவிட்டாள். சாயங்காலம் வரைக்கும் இதே கதை. துடைப்பத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அன்று வீடு திரும்பியவரிடம் எப்படி இருந்தது என்று மனைவி கேட்டாள். சீவல் நிறையத்தான் இருக்கிறது என்றார். பொய்யில்லை, பாதி அவர் போட்டது.

மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. பஸ்ஸில் அவர் சக்கரத்தைத் திருப்பினால் வண்டி திரும்பும். இங்கே சுற்றுவது மரம், ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டியது அவர். போதாததற்கு, கிண்ணத்தின் வெளிப்பக்கத்தை அடியிலிருந்து விளிம்பை நோக்கிச் சீவ வேண்டுமாம், உள்பக்கத்தை விளிம்பிலிருந்து அடியை நோக்கிச் சீவ வேண்டுமாம். இழை அப்படி ஓடுகிறது என்று சின்னவள் சொன்னாள். அவர் மண்டையை ஆட்டிவிட்டு ஏறுக்குமாறாகச் செய்தார். மதியம் சாப்பிடும்போதெல்லாம் தட்டின் விளிம்பிலிருந்து நடுவுக்கு விரலை ஓட்டி, வெளியா உள்ளா என்று முணுமுணுப்பார்.

மூன்றாவது வாரம் ஒரு முழுக் கிண்ணம் கையில் வந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. இயந்திரத்தின் தாடை பிடித்துக்கொள்வதற்காகக் கிண்ணத்தின் அடியில் ஒரு குமிழை விட்டிருப்பார்கள். எல்லா வேலையும் முடிந்த பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்து மாட்டி, கடைசியாக அந்தக் குமிழைச் சீவி எடுக்க வேண்டும். எடுத்தார். குமிழ் இருந்த இடத்தில் ஒரு பொத்தான் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. உள்ளே ஆழமாகப் போய்விட்டது அதுவரை அவருக்குத் தெரியவே இல்லை.

இரண்டாவதும் ஓட்டை. மூன்றாவதும் ஓட்டை. ஏழு கிண்ணம் அப்படியே போயின. அச்சகத்துக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, புனல் வியாபாரம் எப்படிப் போகிறது என்று விசாரித்தார். சின்னவள் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அடுத்த கட்டையை எடுத்து வைத்தாள். அதுதான் அவரைப் போட்டு வதைத்தது. இவள் பொறுமைசாலியா, இல்லை நம்மைக் கணக்கிலேயே சேர்க்கவில்லையா? கூட்டிப் பெருக்க வந்தவனை எதற்கு இந்தப் பாடு படுத்துகிறாள்?

எட்டாவது கட்டையை மாட்டுவதற்கு முன் சின்னவள் தேநீர் ஊற்றி நீட்டினாள். அவர் கை டம்ளருக்கு முன்னாலேயே மூடிக்கொண்டது. வெறுங்காற்றைப் பிடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல இன்னொரு முறை நீட்டி வாங்கினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா, உங்களுக்கு ஆழம் தெரியாதா?"

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். "சரியா தெரியாது."

"ஒரு கண்ணு கொஞ்சம் மங்கல்னுதானே அக்கா சொன்னா."

"மங்கலா? அது சுத்தமா போயிடுச்சு."

சின்னவள் எழுந்து போய்த் துளைப்பானை எடுத்து வந்தாள். கட்டையின் நடுவில், கிண்ணம் எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ அவ்வளவுக்கு மட்டும் ஒரு துளை போட்டாள். குடைந்துகொண்டே போங்கள், இந்தத் துளை எப்போது மறைகிறதோ அங்கே நிறுத்துங்கள், கண்ணே தேவையில்லை, விரலை விட்டுப் பார்த்தால் போதும் என்றாள்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன்."

எட்டாவது கிண்ணம் முழுசாக வந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், ஒழுகவில்லை. அதைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தார். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் பார்க்கும்போது அது வட்டமாக இல்லை, நீள்வட்டமாக இருந்தது. கண்ணைக் கசக்கினார். திருப்பி வைத்துப் பார்த்தார். இருந்த ஒரு கண்ணும் போகிறதோ என்று பயந்தார். மகளைக் கேட்டார். முட்டை மாதிரி இருக்கிறது என்றாள். மனைவியைக் கேட்டார். வட்டமாகத்தான் இருக்கிறது, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றாள். யார் சொல்வதை நம்புவது என்று தெரியாமல் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

அன்று விடுமுறை, மனைவியும் கூடவே வந்தாள். சின்னவள் கிண்ணத்தை வாங்கி விளிம்பைத் தடவினாள். பச்சை மரம் காயும்போது கோணத்தான் செய்யும், முதலில் தடிமனாகக் கடைந்து காயப்போட்டு, காய்ந்த பிறகு இரண்டாம் தடவை கடைய வேண்டும், அடுத்த பாடம் அதுதான் என்றாள். கண் தப்பித்தது என்று டிரைவருக்கு மூச்சு வந்தது. கூடவே மனைவி மேல் கோபமும் வந்தது. நல்லெண்ணத்தில் அவள் சொன்ன பொய் வட்டம் அது. அந்தக் கோபத்தில்தான் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது.

"கூட்டறதுக்கு வந்தவனுக்கு எத்தனை பாடம்மா நடத்துவ?"

சின்னவள் புரியாமல் அவரைப் பார்த்தாள். "கூட்டறதுக்கா? கடைசல் கத்துக்கணும்னு நீங்க துடிக்கறீங்க, கேக்கத்தான் கூச்சப்படறீங்கன்னு அக்கா சொன்னாளே."

இரண்டு பேரும் திரும்பினார்கள். மனைவி கீழே கிடந்த ஒரு சீவலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இத்தனை நாளா ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்டுக்கலையே," என்றாள். சீவலை விரலிலிருந்து உருவிக்கொண்டே, "எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. நீங்க ஜன்னல்ல உக்காந்து கியர் போடறத என்னால பாக்க முடியல. வாய்க்கு வந்ததை ஆளுக்கு ஒண்ணா சொன்னேன்."

ஏமாற்றப்பட்டோமா காப்பாற்றப்பட்டோமா என்று அவருக்குத் தெரியவில்லை. நன்றி சொல்வதா சண்டை பிடிப்பதா என்றும் தெரியவில்லை. கடைசியில் துடைப்பத்தை எடுத்து, வந்த நாளிலிருந்து முதல் முறையாகப் பட்டறையைக் கூட்டினார். கூட்டி முடித்துவிட்டு, காய்ந்து கிடந்த கட்டைகளில் ஒன்றை எடுத்து மாட்டினார்.

இப்போது வாரத்தில் ஐந்து நாள் போகிறார். வெளியா உள்ளா என்று இன்னமும் குழம்புகிறார், அவ்வப்போது உளி கடிக்கிறது. ஆனாலும் அவர் கிண்ணங்கள் கடைக்குப் போகின்றன, திரும்பி வருவதில்லை.

போன மாதம் மகளைப் பெரிய பள்ளியில் சேர்க்கப் போயிருந்தார். தந்தையின் தொழில் என்ன என்று எழுத்தர் கேட்டார். டிரைவர் என்று வாயெடுத்து, நிறுத்தி, கடைசல் என்றார்.

"என்ன கடைங்க?"

"கடை இல்லீங்க. கடைசல். மரத்துல கிண்ணம் கடையறது."

"பாத்திரக் கடையா?"

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் ஒரு கணம் யோசித்தார், கையை உயர்த்தி உளி பிடிப்பது போலக் காட்டப் போனார், பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டார். எழுத்தர் எதையோ எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று டிரைவர் படித்துப் பார்க்கவில்லை.