சப்பாத்தும் சப்பாத்தியும்

எங்கள் மேல்மாடிக்குக் குடிவந்த தம்பதி திருநெல்வேலிக்காரர்கள். கணவர் கொழும்பில் ஒரு கட்டட வேலைத்தளத்தில் பொறியியலாளர். வெள்ளவத்தைக்கு வந்து எட்டு மாதமாகியும் மனைவி தனியாக, வாகனங்கள் ஓயாத காலி வீதியைக் கடந்ததில்லை. அவர்களுக்கு நாலு வயதில் ஒரு மகள்.

தை மாதம் நேர்சரி தொடங்குமுன் பிள்ளையை ஒருமுறை கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். போய்வந்த கையோடு அந்தப் பெண் என் கதவைத் தட்டினாள். முகம் வாடியிருந்தது. வாசலில் ரீச்சர், "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ செல்லம்," என்றாராம். ஷூவைத்தான் இங்கே சப்பாத்து என்பது என்று தெரியாத பிள்ளை அதோடேயே உள்ளே போய் மேசைகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, சப்பாத்தி எங்கே என்று கேட்டிருக்கிறாள்.

"இங்கயும் தமிழ்தானேன்னு நம்பி வந்தோம்க்கா. எங்க தமிழ் எடுபடலையே," என்றாள்.

நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளும் சிரித்துவிட்டாள்.

என் மகனும் அதே நேர்சரியில்தான் படித்தவன். அங்கே என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அடுத்த மூன்று வாரமும் பின்னேரங்களில் என் வீட்டு ஹோலில் நேர்சரி நடந்தது. பிள்ளை தான்தான் ரீச்சர் என்று அடம்பிடித்ததால், வேலையால் வந்த அப்பா சின்ன ஸ்டூலில் மாணவராக உட்கார வேண்டியதாயிற்று. மகள் சொல்லச் சொல்ல அவர் சப்பாத்தைக் கழற்றினார், வரிசையில் நின்றார், தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் தானாகத் திறந்தார். நேர்சரியில் உதவிக்கு நின்ற பெண் சிங்களம் மட்டுமே பேசுவாள் என்பதால், 'சூ யன்ன ஓனே' என்பதையும் பழக்கினேன். சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்று அர்த்தம். மகள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு நாலு நாள் எடுத்தது.

அந்த வாரமே வேலைத்தளத்தில் மேற்பார்வையாளர் ஏதோ சிங்களத்தில் கேட்க, பதற்றத்தில் இவருக்கு வாயில் வந்தது அந்த ஒரு வசனம்தான். அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் கையைப் பிடித்துக் கழிப்பறை வாசல்வரை கூட்டிப்போய் விட்டாராம். இவரே வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நேர்சரி தந்த சாப்பாட்டு அட்டவணையிலும் ஒரு தடுமாற்றம். திங்கட்கிழமை கடலை என்றிருந்ததைப் பார்த்து தாய் ஒரு கிலோ நிலக்கடலை, அதாவது எங்கள் கச்சான், வாங்கி வறுத்து வைத்திருந்தாள். இங்கே கடலை என்றால் கொண்டைக்கடலை என்று நான் சொன்ன பிறகு, அந்தக் கச்சானை மாடியில் எல்லோருமாக இருந்து சாப்பிட்டோம்.

முதல் நாள் நானும் கூடப் போனேன். பிள்ளை கையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள். தாய் மட்டும் கேற்றடியை விட்டு அசையவில்லை. கம்பியைப் பிடித்தபடி அழுதாள்.

"வாங்கோ தங்கச்சி, கடற்கரைப் பக்கம் ஒரு நடை போயிட்டு வருவம்," என்றேன்.

காலி வீதியை என் கையைப் பிடித்துக் கடந்தாள். தண்டவாளத்துக்கு அப்பால் கடலைப் பார்த்ததும், ஊரில் அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டினாள். வந்த அழுகை அதோடு போனது. அங்கேயே இருந்து அவளுடைய கல்யாணக் கதை முழுவதையும் கேட்டேன்.

பதினொரு மணிக்குத் திரும்பிப் போனபோது பிள்ளை இன்னொரு சிறுமியோடு மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"ஏம்மா இவ்ளோ சீக்கிரம் வந்தீங்க? நாளைக்கு லேட்டா வாங்க."

தாய் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, சரி என்றாள்.