அன்னப்பூரணியும் டெம்பிள் அம்மாவும்

கரடியனாற்றில் அன்னப்பூரணியிடம் தயிர் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொழுதோடு போகவேண்டும். சட்டியைக் கையில் தருவதற்குமுன் டெம்பிள் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டாள். டெம்பிள் கிராண்டின் அமெரிக்காவில் பேராசிரியர்; மாடுகளை வெருட்டாமல் அடைப்புக்குள் கொண்டுபோகும் வழிகளை வடிவமைத்தவர்; ஓட்டிசம் உள்ளவர். அன்னப்பூரணியின் வாயிலோ அவர் செங்கலடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒன்றுவிட்ட அக்கா மாதிரி. "டெம்பிள் அம்மா மூண்டரை வயசு மட்டும் ஒரு சொல்லுக் கதைக்கல்ல, தெரியுமா?" என்று தொடங்கினால் வந்தவர் தலையாட்டியே ஆகவேண்டும்.

இந்த உறவு தொடங்கியது ஒரு வீட்டுப் பிரச்சினையில். அந்தப் பக்கத்தில் வீடு பெண் வழிச் சொத்து. மகளுக்குக் கலியாணம் ஆனால் தாய் வீட்டை அவள் பெயரில் எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவாள். மூத்தவளுக்குத்தான் முதல் உரிமை. அன்னப்பூரணிக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் விதுர்ஷாவுக்கு இருபத்துநாலு வயது. ஓட்டிசம் என்று சின்ன வயதிலேயே கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். தேவைக்கு மேல் பேசமாட்டாள்; பேசினால் பூசி மெழுகமாட்டாள். இளையவள் ஆர்த்திகாவுக்குச் சம்பந்தம் சரிவந்த அன்றே அன்னப்பூரணியின் அண்ணன் சீனித்தம்பி வந்து குந்திவிட்டார்.

"மூத்தவள் கலியாணம் முடிக்கப் போறாளா, குடும்பம் நடத்தப் போறாளா? வீட்ட இளையவளுக்கு எழுதிவிடு. இவள் ஒரு மூலையில இருந்திட்டுப் போகட்டும்."

மூலை என்ற சொல் அன்னப்பூரணிக்குச் சுருக்கென்று தைத்தது. இவள் மூலையில் இருக்கிற பிள்ளை இல்லை என்று ஊருக்குக் காட்டிவிட்டால், வீட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று முடிவுகட்டினாள்.

ஓட்டிசம் உள்ள பேர்போனவர்களை ஆர்த்திகா போனில் தேடித் தேடிக் காட்டினாள். ஸ்கொட்லாந்தில் சூசன் பாயில் என்றொரு பாடகி, நாற்பது தாண்டித்தான் உலகத்துக்குத் தெரியவந்தவர், அவருக்கும் ஓட்டிசம் வகைதான் என்றாள். அவ்வளவு போதாதா? அடுத்த வெள்ளிக்கிழமையே அம்மன் கோயிலில் விதுர்ஷாவின் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டாள் தாய். ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டது. விதுர்ஷா மைக்கைப் பூசகரின் கையில் திணித்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஒஸ்கார் வாங்கிய நடிகர் அன்டனி ஹொப்கின்ஸின் வழியும் சரிவரவில்லை. கூத்துப் பழகுகிற இடத்தில் அழச் சொன்னதற்கு, "எனக்கு அழுகை வரல்ல" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள்.

பிறகுதான் டெம்பிள் அம்மா வந்தார். அவர் மாட்டு வழிக்குள் தானே இறங்கி, மாட்டின் கண் உயரத்தில் குனிந்து பார்க்கிற வீடியோவைக் கண்ட அன்னப்பூரணி துள்ளிக் குதிக்காத குறை. பின்னேரமானால் மாட்டுப் பட்டிக்குள் போய்க் குந்தியிருப்பவள் அல்லவா விதுர்ஷா! கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு கோயில் மைக்கைத் தேடிப் போன தன் மடத்தனத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

மாடுகளுக்கு ஊசி போட மிருக வைத்தியர் வருகிற நாளுக்கு அண்ணனையும் வரச் சொல்லியிருந்தாள். நல்ல வெயில். சீனித்தம்பி மனைவியின் மஞ்சள் குடையைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்றார். ஊசி போடுவதற்குக் கம்பு நட்டு ஒடுக்கமாகக் கட்டிய வழிக்குள் முதல் மாடு தலையை விட்டது, நின்றது, பின்வாங்கியது. மற்றவையும் அசைய மாட்டோம் என்று நின்றுவிட்டன. அன்னப்பூரணிக்கோ உள்ளூரச் சந்தோசம்.

"மகள், நீ போய்ப் பாரு. மாட்டுக்கு என்ன வெருட்டு எண்டு உனக்குத்தான் விளங்கும்."

"எனக்கு மாடு பிடிக்காது," என்றாள் விதுர்ஷா. "நாறும்."

"பின்ன ஏன் புள்ள நெடுகப் பட்டிக்குள்ள போய் இருக்கிற?"

"அங்கதான் ஒருத்தரும் என்னோட கதைக்கிறல்ல."

வைத்தியர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். சீனித்தம்பி அடக்கவே இல்லை. அன்னப்பூரணிக்கு முகம் சுண்டிப்போனது. மகளும் டெம்பிள் அம்மா மாதிரித்தான் என்று ஊரெல்லாம் அளந்துவிட்ட கதை ஒரு நொடியில் காற்றுப் போய்விட்டதே! உலகத்தில் உள்ளவர்களையெல்லாம் போனில் தேடவைத்தவள், பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? அதை நினைக்கத்தான் அவளுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

"அப்ப உனக்கு என்னதான் புள்ள வேணும்?"

விதுர்ஷா யோசிக்கவேயில்லை. "கதவு. உள்ளுக்கிருந்து நான் பூட்டுற கதவு. ஆர் தட்டினாலும் திறக்கிறதா இல்லையா எண்டு நான்தான் சொல்லோணும்."

 அன்னப்பூரணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வீடியோவில் கண்டபடி அந்த ஒடுக்க வழிக்குள் தானே இறங்கி, மாட்டின் கண் உயரத்துக்குக் குனிந்து பார்த்தாள். எதிரே பளிச்சென்று ஏதோ ஆடியது.

"அண்ணன், அந்தக் குடைய மடக்குங்க!"

குடை மடங்கியது. மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. "இது எங்க பழகினீங்க?" என்று வைத்தியர் கேட்டார். "டெம்பிள் அம்மாட்ட," என்றாள் அன்னப்பூரணி, பெருமை தாங்காமல்.

மத்தியானச் சாப்பாட்டில் சீனித்தம்பி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். "கெட்டித்தனம் உன்னட்ட இரிக்கு பூரணி, அவளிட்ட இல்லையே. என்னத்தச் சாதிச்சிட்டாள் எண்டு அவளுக்கு வீடு?"

தயிர் ஊற்றிக்கொண்டிருந்த அன்னப்பூரணியின் கை நின்றது. "நான் என்னத்தச் சாதிச்சு அண்ணன் அம்மாட்ட இந்த வீட்ட வாங்கினன்? மூத்த பொம்புளப் புள்ளயாப் பிறந்தன். அவ்வளவுதானே. அண்டைக்கு நீங்க ஒண்டும் கேக்கல்லயே."

 "எனக்குப் பின்வளவு போதும் மாமா," என்றாள் ஆர்த்திகா. "அதில ஒரு வீட்டக் கட்டுவம். அக்காட வீட்டுல இருந்தா அவ என்னையும் வெளிய போகச் சொல்லுவா."

ஆவணியில் வீடு விதுர்ஷாவின் பெயரில் எழுதப்பட்டது. திரை தொங்கிய அறைவாசலுக்குப் பலகைக் கதவு வந்தது. வழக்கப்படி அன்னப்பூரணி கொட்டிலுக்கு மாறினாள். முதல் நாள் பின்னேரம் மகளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கதவைத் தட்டினாள்.

"ஆரு?"

"நான்தான் புள்ள, அம்மா."



"இப்ப வேணாம்."

அன்னப்பூரணிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. பிள்ளை வீட்டுக்காரி ஆகிவிட்டாள். வாசற்படியில் குந்தி அந்தத் தேத்தண்ணியைத் தானே குடித்துவிட்டுப் போனாள்.