சேலையூரில் மாற்றிய பின்சக்கரப் பேரிங்

எனக்குக் கடை கிடையாது. ஜாக்கியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து, தேய்ந்த பின்சக்கரப் பேரிங்கை மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. பழைய கார் வைத்துப் படாதபாடு படும் உங்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வேகம் ஏற ஏற, பின்னால் மாவு மில் ஓடுவது போல இரையும்.

பாட்டு

கோவிலம்பாக்கத்தில் ஒருவர். மழைத் தண்ணீரில் நின்ற காரைக் கழுவி, சீட்டையெல்லாம் மொட்டைமாடியில் காயவைத்து, சென்ட் கூட அடித்துவிட்டார். சக்கரத்துக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும் என்று தோன்றவில்லை. நம்மில் யாருக்குத் தோன்றுகிறது? இரைச்சல் கூடக் கூட ரேடியோவையும் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். பேரிங் மாற்றியதும் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். தெருமுனையிலேயே நிறுத்திக் கேட்டார்: "இன்னாண்ணா, பாட்டு இந்தக் கத்து கத்துது? ரேடியோல எங்க கை வச்சீங்க?"

இரண்டு கட்சி

சேலையூரில் சாமுவேல் சாரும் அவர் மனைவி கிரேஸ் டீச்சரும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பேத்தியைத் தினமும் காரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது சார்தான். டீச்சருக்கும் ஓட்டத் தெரியும். சார் சாவியைத் தரமாட்டார். வண்டி இரைகிறது என்பது டீச்சர் கட்சி. அதெல்லாம் மனப்பிரமை என்பது சார் கட்சி.

சார் ஓட்ட, நான் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். தெருவைத் தாண்டுவதற்குள் எனக்குக் கேட்டுவிட்டது. "பாத்தியாப்பா, ஒண்ணுமில்ல" என்றார் சார். திரும்பி வந்ததும் டீச்சர் என்னிடம் சொன்னார்: "பாப்பா போற வண்டி தம்பி. இவருக்குக் கேக்கலன்னா சத்தமே இல்லன்னு ஆயிடுமா?"

கை

பேரிங்கைக் காதால் மட்டுமல்ல, கையாலும் பார்க்கலாம். வாசலில் காரைத் தூக்கி நிறுத்தி, சாரின் கையைப் பிடித்துச் சக்கரத்துப் பக்கமிருந்த ஸ்பிரிங்கில் வைத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். ஸ்பிரிங் கரகரவென்று அதிர்ந்தது. வழக்கைத் தீர்த்துவிட்ட சந்தோஷத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். இன்னொரு தடவை சுற்றச் சொன்னார். சக்கரம் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கையை ஏன் பிடித்து வைத்தோம் என்று வேதனையாக இருந்தது. சார் டீச்சர் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "கைக்குத் தெரியுது கிரேஸ். காதுக்குத்தான் தெரியல."

சாவி

சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றினால், உள்ளே கிரீஸ் துருவோடு சேர்ந்து சேறாகக் கிடந்தது. பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து, புதியதைக் கோணாமல் இறக்கினேன். இரண்டு பக்கமும் முடித்து, மறுபடி சார் ஓட்ட, மூவரும் கேம்ப் ரோட்டுக்குப் போனோம். இரைச்சல் அறவே இல்லை. பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. சார் ஒதுங்கவில்லை. டீச்சர் அவர் தோளைத் தொட்ட பிறகுதான் கண்ணாடியைப் பார்த்து ஒதுங்கினார். வீட்டு வாசலில் இறங்கியதும் சாவியை டீச்சர் கையில் வைத்தார். "நாளையிலருந்து பாப்பாவ நீயே கூட்டிட்டுப் போ."

இப்போதெல்லாம் வண்டியில் சத்தமே இல்லை என்று யாராவது அடித்துச் சொன்னால், சக்கரத்தைத் தூக்குவதற்கு முன் சொன்னவரை ஒருதரம் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.