இடது கதவில் இருந்த பெயர்

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்த்தவர். இளவயதில் தோட்டத்துத் துரையோடு கார் ராலிப் பந்தயத்துக்குப் போனதாகச் சொல்வார். துரை தன் மினி காரை ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று கத்துவது இவர் வேலையாம். மலைப்பாதையில் பெரிய கார்கள் திரும்ப முடியாமல் தடுமாற, அந்தக் குட்டிக் கார் புகுந்து போய்விடுமாம். இடது கதவில் தன் பெயரைத் தமிழில் எழுதியிருந்தார்கள் என்பார். எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லய வீடுகளில் ஒருவரும் நம்பவில்லை. பக்கத்து வீட்டு மாமா அவரை 'ரேஸ்காரரே' என்றுதான் கூப்பிடுவார். கார் வேலை செய்து பிழைக்கிற நானும் நம்பவில்லை.

போன வருடம் அந்தக் கார் பதுளையில் என் கராஜுக்கே வந்தது; பதிவுப் புத்தகத்தில் துரையின் பெயர் இருந்தது. புதுசு மாதிரி பெயின்ட் அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார் இப்போதைய சொந்தக்காரர். அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"வெள்ளிக்கெழம வாறேன். அதுவரைக்கும் கைய வைக்காதப்பா," என்றார்.

வேலை தொடங்கச் சூடம் கொளுத்தும்போது கூட இருக்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் ஓரிடத்திலாவது தேய்த்துவிட்டால் நல்ல நேரத்தில் வேலை தொடங்கியதாக ஆகிவிடும். பத்தேகால் ஆகியும் அப்பாவைக் காணோம். இடது கதவில் வெறும் பச்சைப் பெயின்ட். அப்பா விட்டது கதைதான் என்று சிரித்துக்கொண்டே சூடத்தைக் கொளுத்தி, கிரைண்டரை எடுத்தேன். பழைய பெயின்டுக்குக் கீழே இன்னொரு பெயின்ட் இருக்கும் என்று இருபது வருடத் தொழில்காரனுக்குத் தெரியாதா? அன்றைக்குத் தெரியவில்லை.

பச்சை போய் வெள்ளை வந்தது. வெள்ளையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. நிறுத்துவதற்குள் தகரம் வந்துவிட்டது. ஓரத்தில் அப்பா பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் மிச்சம். அப்படியே விட்டிருக்கலாம். பாதியை அழித்தவன் நான்தான் என்று தெரிந்துவிடுமே என்ற பயத்தில், அதையும் தேய்த்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கூடவே மாமாவையும் கூட்டிவந்திருந்தார். நேராக இடது கதவுக்குப் போனார். பிறகு என் கையைப் பார்த்தார். விரலெல்லாம் சிவப்புத் தூள்.

"எங்க ரேஸ்காரரே, பேரு எங்க?" என்றார் மாமா.

"இது வேற காரு போல இருக்குப்பா," என்றார் அப்பா.

மாமா சிரித்த சிரிப்பில் கராஜே திரும்பிப் பார்த்தது. 'இருந்தது மாமா, நான் என் கண்ணால் பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விரலில் இருந்த சிவப்பைத் துணியில் துடைத்தேன்.

இப்போது அப்பா ராலிக் கதையை எடுப்பதே இல்லை. யாராவது கேட்டால், "அதெல்லாம் சும்மா சொன்னது," என்கிறார்.