எட்டுப் பேருக்கான பியர்

புளித்த பாண் மாவின் வாசனையும் ஈரத் துணியின் வாசனையும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் பத்து வயதில் ஒரு கோடை தொடங்கும்போது நான் அந்த வாசனையோடுதான் பள்ளிக்கூடம் போய் வந்தேன். லண்டன் ஸ்ட்ரெதமில் நாங்கள் இருந்த வீட்டில் சுடுதண்ணீர்த் தாங்கி இருந்த அலமாரிதான் வெக்கை குறையாத ஒரே இடம் என்பதால், காயாத சீருடையை அம்மா அதற்குள்தான் தொங்கவிடுவார். அந்த வருடம் அப்பா அதே அலமாரிக்குள் மூடி போட்ட பெரிய வாளி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, பியர் செய்யத் தொடங்கினார். வாளியின் மூடியில் செருகியிருந்த சிறு குழாய்க்குள் தண்ணீர் "குளுக் குளுக்" என்று கொப்பளிப்பதைக் கேட்க நான் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன்.

"சாமிப்படத்துக்குப் பின்சுவரிலை சாராயம் காச்சிறியள்" என்று அம்மா நாளுக்கு ஒருமுறையாவது சொல்வார். "சாராயமும் பியரும் ஒண்டே? உமக்கு ஒண்டும் விளங்காது" என்று அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் புதினம். பண்டகசாலையில் இரவு ஷிப்ட் முடித்து, நான் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் வீடு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் படுக்கப் போகிற மனிதரைத்தான் நான் அதுவரை அப்பா என்று அறிந்திருந்தேன். கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டில் பியர் செய்யும் முறையைச் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து அப்பாவுக்கு வாய் திறந்துவிட்டது.

விஷயம் இதுதான். அப்பாவோடு சேர்த்து, ஒரே ஊரிலிருந்து வந்த எட்டுப் பேர், லண்டனுக்கு வந்த புதிதில் ஆர்ச்வேயில் ஒரு கடைக்கு மேலே இருந்த ஒரே அறையில் நிலத்தில் படுத்து எழும்பினார்கள். பிறகு மனைவிமார் வந்து, பிள்ளைகள் பிறந்து, ஆளுக்கொரு பக்கம் சிதறிய பிறகு, கலியாண வீட்டில் கைகுலுக்கி, சாப்பாட்டுத் தட்டோடு நின்றபடியே "என்ன மாதிரி" என்று கேட்டதைத் தவிர, எட்டுப் பேரும் ஒன்றாய் இருந்ததே இல்லை. ஒருவருக்குப் பகல் வேலை என்றால் மற்றவருக்கு இரவு வேலை. "ஒரு ராத்திரி எல்லாரும் ஒண்டாப் படுத்தெழும்போணும்" என்று அப்பா சொல்லத் தொடங்கினார். கென்ட் பக்கம் ஒரு தோட்டக்காரர் தன் வயலில் கூடாரம் அடிக்க விடுகிறார் என்று கேள்விப்பட்டதும் அது ஆசையாக இல்லாமல் திட்டமாகிவிட்டது.

அந்தத் திட்டத்தைப் போலச் சந்தோஷமான ஒன்றை எங்கள் வீடு அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, நண்டும் இறாலும் மீன்தலையும் போட்டு ஒடியற்கூழ் காய்ச்சுவதா, அதற்குள் கணவாயும் சேர்ப்பதா என்று மணிக்கணக்காக வாதாடுவார். எலும்போடு ஆட்டிறைச்சிக் கறி, ஈரல் பொரியல், ரோல்ஸ், காலையில் முட்டைக்கோப்பி, மிஞ்சினதைக் கொத்தாக்க ரொட்டி என்று ஒவ்வொரு வாரமும் சாப்பாடு கூடிக்கொண்டே போனது. எட்டுப் பேரில் ஒருவரான, சட்டன் பக்கம் இருந்த ராசன் சித்தப்பா கரண்டே இல்லாத வயலுக்கு ரைஸ் குக்கர் கொண்டுவருவதாகச் சொன்னதை வைத்து அப்பா ஒரு வாரம் சிரித்தார். ஓகஸ்டில் வைத்தால் நல்லூர்த் திருவிழா, எல்லோர் வீட்டிலும் சைவம், ஆட்டிறைச்சிக்கு இடமில்லை என்று யோசித்துத்தான் ஜூனில் நாள் வைத்தார். ஒவ்வொருவரையும் அவரவர் மனேஜரிடம் கெஞ்ச வைத்து லீவு எடுப்பித்தார்.

"உங்களுக்குப் பியர் பழக்கின மனிசனையும் கூப்பிடுங்கோவன்" என்று அம்மா ஒருநாள் சொன்னார். "வெளியாக்கள் ஒருத்தரும் வேண்டாம். எங்கடை ஆக்கள் மட்டும்" என்றார் அப்பா. எட்டுப் பேரில் ஆறு பேர் ஒரே வழிப் பங்காளிகள். மற்ற இருவரும் அந்த ஆறு பேரின் தங்கைமாரைக் கட்டியவர்கள். அப்பாவுக்கு அது பெருமையாக இருந்தது.

புறப்பட இரண்டு நாள் இருக்கையில், இறைச்சி வெட்டித் தூள் பிரட்டி வைத்த பிறகு, ஊரிலிருந்து அழைப்பு வந்தது. அப்பாவின் பாட்டனாருக்குத் தம்பி முறையான ஒரு முதியவர் போய்விட்டார். அவரை நான் கண்டதில்லை. ஆறு பேரில் மூன்று பேருக்கு அவர் முகம்கூடச் சரியாக நினைவில்லை. ஆனால் ஆறு வீட்டுக்கும் சாவுத் துடக்கு. முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை மச்சமாமிசமும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. மற்ற இருவரின் மனைவிமாரும் "எங்கடை ஆக்களின்ரை செத்தவீடு, நீங்கள் மட்டும் போய்க் குடிப்பியளோ" என்று கேட்டிருப்பார்கள்.

அன்று பின்னேரம் ராசன் சித்தப்பா தொலைபேசி எடுத்தார். அவர் குரல் எப்போதும் பெரிது, பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"அண்ணை, நீங்கள் என்ன சொல்லுறியள்? நீங்கள் போவம் எண்டால் நாங்கள் வாறம்."

எட்டுப் பேருக்கும் மூத்தவர் அப்பாதான். அவர் போவம் என்று சொல்ல வேண்டும் என்று நான் கைகளை இறுகப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு, "முறையெண்டால் முறைதானேடா" என்றார். "ஓம் அண்ணை. அதுதான் சரி" என்று சித்தப்பா சொன்னபோது அந்தப் பெரிய குரல் சின்னதாக இருந்தது. மூத்தவர் வேறென்ன சொல்ல முடியும் என்று இன்று விளங்குகிறது. அன்று எனக்கு விளங்கவில்லை, அந்தச் செத்த கிழவர் மேல்தான் ஆத்திரமாக வந்தது.

இறைச்சியை அம்மா பக்கத்து வீட்டு ஆபிரிக்கக் குடும்பத்துக்குக் கொடுத்தார். அந்தியேட்டி முடிந்ததும் அப்பா மறுபடி நாள் தேடினார்; ஒருவருக்கு லீவு இருந்தால் ஒருவருக்கு இல்லை, பிறகு திருவிழா வந்தது, பிறகு குளிர் வந்தது. ஒரு சனிக்கிழமை பகல், எட்டுப் பேருக்குமென்று பியர் நிரப்பி வைத்திருந்த போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து குசினித் தொட்டிக்குள் ஊற்றினார். தனியாக ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஊற்றி முடித்துப் படுக்கப் போனார். எழும்பி வந்தவர் பழையபடி வாய் திறக்காத அப்பாதான்; அந்தச் சில மாதங்கள் எங்களோடு இருந்த மனிதர் அதன் பிறகு வரவேயில்லை. நான் அவரைத் தேடிக் காத்திருந்தேன், வளர்ந்தேன், ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் எட்டுப் பேரில் ஒருவர் கனடா போனார். இரண்டு பேர் ஒரு கடை விஷயத்தில் முகம் பார்க்காமல் போனார்கள். ஒருவருக்கு வேலையிடத்திலேயே நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் முடிந்துவிட்டது. ராசன் சித்தப்பாவும் இப்போது இல்லை.

சென்ற கோடையில் நான் கடற்கரையோரம் ஒரு வீடு எடுத்தேன். கட்டில், ஹீற்றர், நல்ல குசினி எல்லாம் உண்டு, கூடாரத்துக்குள் யாரும் முதுகு நோகப் படுக்கத் தேவையில்லை. மிஞ்சியிருப்பவர்களை நானே அழைத்தேன். எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள், எவருக்கும் ஷிப்ட் இல்லை, எல்லோரும் "ஓம் பிள்ளை, வாறம்" என்றார்கள். அப்பாவிடம் சொன்னேன்.

"வேண்டாம் பிள்ளை. வந்தவங்களை நான் பாக்கமாட்டன். வராதவங்களைத்தான் தேடிக்கொண்டிருப்பன்."

நான் ஒவ்வொருவராக மீண்டும் அழைத்து, வரவேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.