மூன்று தலைப் பூதம்

குன்னூரில் ஒரு பேக்கரி மாடியில் ஞாயிறு மதியம் கூடி, ஆளுக்கொரு கற்பனை வீரனாகப் பகடை உருட்டிச் சண்டைக் கதை விளையாடுவோம். கதையை நடத்தியவர் பேக்கரிக்காரர்தான். எதிரிகளும் அவர் கையில். குரங்குக் குல்லா, மூக்கு நுனியில் கண்ணாடி. தன் பகடையை மட்டும் சூடான டீ கிளாஸோடு ஒட்டிவைத்து, குளிர் போக்கித்தான் உருட்டுவார்.

என் முறை வந்தால் என் வீரன் இரண்டு வெட்டு வெட்டலாம். ஒரு ஞாயிறு, முதல் வெட்டிலேயே அவருடைய ஓநாய் செத்துவிட்டது. இரண்டாவதைப் பக்கத்தில் நின்ற பூதத்தின் மேல் போடப் பகடையை எடுத்தேன்.

"அதெல்லாம் முடியாதுங்க. ரெண்டு வெட்டும் யாருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கோணும். செத்த ஓநாயையே வெட்டுங்க."

வெட்டினேன். அடுத்து அவருடைய பூதத்தின் முறை; அது மூன்று அடி அடிக்கலாம். முதல் அடியில் என் கூட்டாளி சாய்ந்தான். மீதி இரண்டும் சாவகாசமாக என் பக்கம் திரும்பின. நானும் செத்தேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, உங்க பூதம் மட்டும் யார் செத்தாங்கன்னு பாத்துப் பாத்து அடிக்குது?"

"அதுக்கு மூணு தலைங்க. ஒண்ணு அடிக்கறப்ப மத்த ரெண்டும் பாத்துட்டிருக்கும்."

இது என்ன நியாயம்? வாரம் முழுக்க வயிறு எரிந்தது. அடுத்த ஞாயிறு நானும் மூன்று தலையுள்ள வீரனோடு போனேன். முதல் வெட்டில் ஓநாய் விழுந்ததும் இரண்டாவதைப் பூதத்தின் மேல் திருப்பினேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்தார்.

"இந்தக் குளிருக்கு உங்க மத்த ரெண்டு தலையும் தூங்கிருச்சுங்க."

சொல்லிவிட்டு, கிளாஸோரத்திலிருந்து தன் பகடையை எடுத்தார். இன்று நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. அன்று குன்னூரிலேயே குளிராதது அவருடைய பூதத்துக்கு மட்டும்தான்.